தேருக்கு வழிவிட்ட என் சர்வர்கள்

நான் கட்டிய சாஃப்ட்வேரை நானே ஒரு மூங்கில் கழியால் சாய்த்தேன். அதுவும் ஊரே கைதட்ட.

பெரம்பலூரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிப் பிழைக்கிறவன் நான். புதிதாக எது வந்தாலும் ஆன்லைனில் படித்துவிடுவேன். படித்த கையோடு யார் தலையிலாவது கட்டியும் பார்ப்பேன். அந்த முறை அகப்பட்டவள் என் அக்கா. கீழப்பழுவூர் பக்கம் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியை நடத்துகிறவள். மெஷினில் பாலை ஊற்றினால் கொழுப்பு அளவு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சீட்டு வரும். நான் முன்பு எழுதிக்கொடுத்த புரோகிராம், நெட் இல்லாவிட்டாலும் சீட்டைக் கொடுத்துவிட்டு, அளவுகளைப் பிறகு சாவகாசமாக அனுப்பும். சுத்தப் பத்தாம்பசலி! ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்க வேண்டும் என்று அப்போதுதான் படித்திருந்தேன். சீட்டுப் போடுவது உட்பட எல்லாவற்றையும் வெளியூர்ச் சர்வருக்கு மாற்றினேன். இரண்டு சர்வர், இரண்டு கம்பெனியின் நெட் கேபிள்.

"பூகம்பமே வந்தாலும் நிக்காதுக்கா!"

"நின்னா பால் திரிஞ்சிரும்டா. அத மட்டும் பாத்துக்க."

அன்று மாலை தேர். எங்கள் ஊரில் தேர் புறப்பட்டால் கரண்டை நிறுத்திவிட்டு, தெருவுக்குக் குறுக்கே தொங்கும் வயர்களை எல்லாம் அவிழ்த்துவிடுவார்கள். கலசத்தில் சிக்கக் கூடாதல்லவா? கவைக் கழியோடு தேருக்கு முன்னால் ஓடும் அந்த வேலை எனக்கு உயிர்.

"மாப்ள, இங்க ரெண்டு கெடக்கு பாரு!"

"இந்தா, எடுத்துட்டேன்!"

இரண்டையும் ஜாயிண்டோடு பிடுங்கினேன். கைதட்டல். நான் கும்பிடு வேறு போட்டேன்.

போன் அடித்தது. அக்கா.

"டேய், பேட்டரியில மெஷின் ஓடுது, சீட்டு மட்டும் வரல. பால வச்சிக்கிட்டு சனம் நிக்கிது. வண்டிக்காரரு கெளம்பணுங்கிறாரு."

சீட்டுப் போடாத பாலை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். பங்குனி வெயிலில் பாலும் பொறுக்காது. விழுந்தடித்து ஓடினேன்.

"வாங்க பூகம்பம்!" என்றார் வரிசையில் கேனோடு நின்ற சித்தப்பா. போனில் நெட் பிடிக்கலாமென்றால், தேர்க்கூட்டம் மொத்தமும் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தது. திரையில் வட்டம் சுற்றியது, எனக்குத் தலை சுற்றியது. அப்போதுதான், அழிக்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்திருந்த பழைய புரோகிராம் கண்ணில் பட்டது. ஒற்றைக் கையால் தட்டித் திறந்தேன். கிர்ரென்று வந்தது சீட்டு! சித்தப்பா விசிலடித்தார். கேன்கள் மளமளவென்று ஏறின. வண்டி கிளம்பியதும் எனக்கு மறுபடியும் கொம்பு முளைத்துவிட்டது.

"ரெண்டு கேபிளும் ஒரே நேரத்துல எப்புடிக்கா போவும்? மூணாவதா ஒண்ணு இழுத்துட்டோம்னா..."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மொதல்ல அந்தக் கழியக் கீழ வையி."