அக்காவின் இன்ஜின் கார்

இன்று விளக்கெண்ணெயைச் சூடாக்கியபோது கிளம்பிய வாசனையில், திண்டிவனத்து அரிசி ஆலைக் களத்தில் நின்ற அக்கா நினைவுக்கு வந்தாள். மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த நிஜ இன்ஜின் வைத்த முழநீளப் பொம்மைக் காரை, நெல் அள்ளி முடித்த களத்தின் நடுக்கம்பத்தில் கம்பியால் பிணைத்து அவள் முடுக்கிவிடுவாள். விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள் புகைய அது சீறிச்சீறி வட்டமடிக்கும், போட்டிக்கு வந்த கோட்டக்குப்பத்து அண்ணன்களின் கார்கள் அந்த வேகத்தை எட்டியதே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அவளுடைய கறுத்த விரல்களைக் கண்டு முகம் சுளித்ததும், அம்மா காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள். அக்கா அழவில்லை.

களத்தில் இப்போது வீடுகள். விழுப்புரத்திலிருக்கும் அக்காவுக்குப் போன் செய்து, "அந்தக் காரு ஞாபகம் இருக்காக்கா?" என்றேன்.

"எந்தக் காரு? கொழம்பு வெச்சிக்கினு இருக்கேன், அப்பால பேசறேன்" என்றாள்.

ஆனால் போனை வைக்கவில்லை. வெகுநேரம் அவள் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.