பொம்மைக்குப் போன ஜப்லா

என் மகள் பிறந்து ஐந்தாம் நாள், எங்கள் சுரங்க நிறுவனக் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒரு மஞ்சப்பை கொண்டுவந்தார். உள்ளே அவருடைய மூன்று பிள்ளைகள் போட்டு வளர்ந்த சட்டைகள், துவைத்து மடித்தவை.

"புதுசு போட்டுடாதீங்கம்மா. நல்லா இருக்கிற புள்ளைங்களோட பழசத்தான் மொதல்ல போடணும். இந்த ஜப்லாவ என்துங்க மூணும் போட்டுதுங்க. ஒண்ணுக்கும் ஒரு நோவு வந்ததில்ல."

வழக்கம் எனக்கும் தெரியும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலும் உண்டு. இருந்தும் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கிருமி, சோப்பு ஒத்துக்கொள்ளாது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். மைன்ஸ் தூசிக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் துணி உலர்த்தியவள் நான். அப்படிப்பட்டவள், அதே வாரம் மாடிவீட்டு அதிகாரியின் மனைவி தந்த பழைய சட்டையை அலசக்கூட இல்லாமல் மகளுக்குப் போட்டேன். இந்த வித்தியாசம் பிறகுதான் புரிந்தது என்று எழுத ஆசை. அன்றைக்கே தெரியும்.

"போட்டீங்களா? சரியா இருந்துச்சா?" என்று அக்கா கேட்டார்.

"போட்டேங்க்கா. தச்சு வச்ச மாதிரி இருந்துச்சு."

மூன்று வருடம் கழித்து, மகள் பொம்மைக்குச் சட்டை கேட்டு அடம்பிடித்தபோதுதான் அந்தப் பையை வெளியே எடுத்தேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த பருத்தி; ஊசி சிரமமில்லாமல் இறங்கியது. ஜப்லாவின் பக்கங்களைப் பிடித்துத் தைத்தேன். நீளத்தைக் குறைத்தேன். கீழ் ஓரத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது. முதன்முதலில் போடும்போது வைத்தது என்று தெரிந்தும், பொம்மைக்கு அழுக்காகத் தெரியுமே என்று அதையும் வெட்டிவிட்டேன்.

போன மாதம் அக்காவின் மகளுக்கு, இரண்டு முறை கலைந்த பிறகு, எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்தது. பல நாள் வேலைக்கு வராத அக்கா ஒரு காலையில் வந்தார். துடைப்பத்தை எடுக்காமல் வாசலிலேயே நின்றார்.

"நாளைக்குப் புள்ளைய வூட்டுக்கு அனுப்புறாங்க. அந்த ஜப்லாவ மட்டும் குடுங்கம்மா. மொதமொத அதத்தான் போடணும்னு பொண்ணு கேட்டுகினே கீது. நாலு புள்ள போட்டதாச்சே."

நாலாவது என் மகள்.

தேடிப் பார்க்கிறேன் என்று உள்ளே திரும்பினேன். அதற்குள் மகள் பொம்மையோடு ஓடிவந்துவிட்டாள். "ஆயா, பாரு! அம்மா தச்ச சட்ட!"

அக்கா பொம்மையை வாங்கினார். கழுத்தோரம் தன் கையால் போட்ட பழைய தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"போட்டு நைஞ்சு போனப்பறந்தானே வெட்டினீங்க?"

இல்லை என்ற ஒரு சொல் போதும்.

"ஆமாங்க்கா. நைஞ்சு போச்சு."

துணியில் ஓர் இடம்கூட நைந்திருக்கவில்லை. அது அவர் விரலுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவர் சிரித்தார். "அதுக்கின்னா இப்போ. எங்க புள்ளையும் இந்தப் பொம்ம சைஸ்தான். இதுவே பத்தும்."

"புதுசு ரெண்டு செட் இருக்குக்கா, தரட்டுமா?"

"புதுசு கடையிலதான் கெடைக்குதே."

சட்டையைக் கழற்றியதும் மகள் அழுதாள். "பாப்பா பெருசானதும் குடுத்துடறேன் கண்ணு," என்று சொல்லிவிட்டு, அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

உண்மையைச் சொல்லலாமா என்று தினமும் நினைக்கிறேன். இப்போது சொன்னால் அந்தப் பெண்ணின் மனதில் பயம் புகுந்துவிடுமே என்று நிறுத்திக்கொள்கிறேன். இதுவும் அந்தக் கிருமி, சோப்பு மாதிரி ஒரு காரணம்தானோ?

நேற்று அக்கா போனில் படம் காட்டினார். என் கோணல் தையலுக்குள் அந்தக் குழந்தை தூங்குகிறது. எடை ஏறியிருக்கிறதாம்.

"எல்லாம் உங்க பாப்பா போட்ட ராசிங்க," என்றார்.

நான் தலையாட்டினேன்.