ரோவால்டின் காலை அறிவிப்பு

ஆர்லிஸின் புருஷன் பிப்ரவரியில் செத்துப்போனான். ஆனால் விடிந்தால் போதும், ஊரில் எல்லோருடைய போனிலும் பேசத் தொடங்கிவிடுவான்.

"காலை வணக்கம் மக்களே. பனி கெட்டி. வண்டியை இறக்கலாம். இப்படிக்கு ரோவால்ட்."

மினசோட்டாவின் வடக்குக் கோடியில் இருக்கும் டோர்விக் ஊருக்கு ஏரிதான் எல்லாம். பனிக்காலத்தில் உறைந்து கிடக்கும் அதன்மேல் வண்டி ஓட்டிப்போய், துளை போட்டு, குடிசைக்குள் உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள். பனி தாங்குமா என்று ஷெரீப் ஆபீஸ் போலீஸ்காரர்கள் பலகை நட்டால் அதன் மேல் தொப்பியை மாட்டிவிட்டுப் போவார்கள். ரோவால்ட் பனியை அளந்து தன் இணையப் பக்கத்தில் சொன்னால் மட்டும் அது வேதவாக்கு. குளிர் உச்சத்தில் இருந்த ஜனவரியில், தினமும் ஒரே சேதியை எழுதச் சோம்பல்பட்டு, அதுவே காலைதோறும் தானாகப் போகும்படி வைத்துவிட்டான். அடுத்த மாதம் குடிசைக்குள்ளேயே மாரடைப்பு. கையிலிருந்த போன் மீன் துளைக்குள் போய்விட்டது. அவன் வைத்த சேதி மட்டும் நிற்கவில்லை.

ஆர்லிஸ் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. வாய் நீளம். கல்யாணமான நாளிலிருந்தே அந்த ஏரியோடும், கதவில் ரோவால்ட் என்று எழுதி அவன் வைத்திருந்த சிவப்பு வண்டியோடும் அவளுக்கு ஆகாது. ஒருமுறை அந்தப் பக்கத்திலேயே, "வீட்டுக் கூரை ஒழுகுது, அதையும் அளந்து போடு" என்று எழுதினாள். ரோவால்ட் கட்டிய பெண்டாட்டியையே அதில் எழுத முடியாதபடி தடுத்துவிட்டான்.

மார்ச்சில் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. கரையோரம் பனி கறுத்து, இறங்குதுறையில் தண்ணீர் கசிந்தது. சேதியோ மாறவில்லை. கீழே ஊர்க்காரர்கள் இதயம் போட்டார்கள். வெளியூர்க்காரர்கள் நன்றி சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள். சனிக்கிழமை மீன்பிடிப் போட்டி வேறு. அவள் தினமும் சோறு போடும் பிள்ளைகள் பாதிப்பேர் அப்பன்மார்களோடு அதில் இறங்கப்போகிறவர்கள்.

ஆர்லிஸ் கணக்கைத் திறக்க உட்கார்ந்தாள். கடவுச்சொல் தெரியாது. மறந்துவிட்டது என்று அழுத்தினால், 'உங்களுக்கு உயிருக்கு உயிரானது எது' என்று கேட்டது. தன் பெயரைப் போட்டாள். தவறு. நாயின் பெயரைப் போட்டாள். அதுவும் தவறு. பல்லைக் கடித்துக்கொண்டு 'சிவப்பு வண்டி' என்று போட்டாள். சரி என்றது. அவன் செத்த பிறகு அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக அழுதாள், ஆத்திரத்தில்.

அதோடு விடவில்லை அது. ரோவால்டின் எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. செத்தவனுக்கு எதற்கு போன் என்று அடக்கம் முடிந்த வாரமே அந்த எண்ணை ரத்து செய்தவள் அவளேதான். இணையப் பக்கத்தை நடத்தும் கம்பெனிக்கு இறப்புச் சான்றிதழை அனுப்பினாள். பரிசீலனையில் இருக்கிறது, பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது.

கொழுந்தன் டுவெய்னிடம் போனாள். தூண்டில் புழுவும் வாடகைக் குடிசையும் வைத்துப் பிழைப்பவன். போட்டியை நடத்துபவனும் அவனே.

"போட்டியை நிறுத்து, டுவெய்ன். கரையெல்லாம் ஊறிக் கெடக்கு."

"அண்ணன் கெட்டின்னு சொல்லியிருக்காரே, அண்ணி."

"உங்கண்ணன் செத்து ஒரு மாசத்துக்கு மேலாச்சுடா."

"செத்தாலும் அவரு சொல்லு சொல்லுதான். உயிரோட இருக்கறப்பவே அவர மதிக்கல நீங்க. இப்ப வந்து பேர அழிக்கப் பாக்கறீங்க."

"பிள்ளைங்க உள்ள போயிட்டா யாருடா பதில் சொல்லுவா?"

"பனியைப் பத்திப் பள்ளிக்கூடத்து அடுப்படியிலேயா சொல்லித் தர்றாங்க?" என்றான். புழு வாங்க நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவன் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

சனிக்கிழமை காலை இறங்குதுறையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பிள்ளைகள் பின்சீட்டில் கூச்சல் போட்டார்கள். எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் கூவின. பனி கெட்டி. வண்டியை இறக்கலாம்.

அப்போது பின்னாலிருந்து ரோவால்டின் சிவப்பு வண்டி வந்தது. ஓட்டியவள் ஆர்லிஸ். கண்ணாடியை இறக்கி, கதவைத் திறந்தபடி வைத்து, பெல்ட் போடாமல், வரிசையைச் சுற்றிக்கொண்டு நேராகப் பனியில் இறக்கினாள். இருபதடி போயிருக்காது. சடசடவென்று ஒரு சத்தம். முன்சக்கரங்கள் உள்ளே போயின. மூக்கு போயிற்று. திறந்த கதவு வழியாகக் குதித்தவள் இடுப்பளவு தண்ணீரில், பனித் துண்டுகளைத் தள்ளிக்கொண்டு கரையேறினாள். வண்டி மெதுவாகச் சாய்ந்து, கதவில் எழுதியிருந்த பெயரும் தண்ணீருக்குள் போனது.

முதலில் நின்ற வண்டி பின்னால் எடுத்தது. அதைப் பார்த்து மற்றவையும் எடுத்தன. டுவெய்ன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டீங்க. அண்ணன் உசுரா வச்சிருந்த வண்டி."

ஆர்லிஸுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. அப்படியும் சொல்லாமல் விடவில்லை.

"என்னைய ஏன்டா கேக்குற? உங்கண்ணன்தான் இறக்கச் சொன்னாரு."