முறை வைத்துப் படித்த அதிகாரம்

எங்கள் வீட்டில் வேதம் வாசிப்பது முறை வைத்துத்தான். மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் எங்கள் வரிசை வீட்டின் முன்கூடத்தில், விடிவதற்கு முன்பே மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம். முதல் வசனத்தைக் குடும்பத் தலைவர் படிப்பார், இரண்டாவதை நான், மூன்றாவதை மகள். நான்காவது மறுபடியும் தலைவருக்கு. அந்த நேரத்தில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கையிலும் ஒரு வேதாகமம் திணிக்கப்படும், அவருக்கும் ஒரு முறை உண்டு. ஏர்கோன் பழுது பார்க்க ஒருநாள் சீக்கிரமே வந்துவிட்ட ஒரு தம்பி, ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வட்டத்தில் உட்கார்ந்து, தன் பங்குக்கு வசனங்களைப் படித்து முடித்த பிறகுதான் மாடிக்கே போக முடிந்தது. அடுத்த தடவை அவர் மத்தியானத்துக்கு மேல் வந்தார்.

முறை வைத்துப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்த எல்லோருக்கும் அது தெரியும், யாரும் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. அதிகாரத்தைத் திறந்ததும் செய்கிற முதல் வேலை, நமக்கு எந்தெந்த வசனம் வரும் என்று எண்ணிப் பார்ப்பது. எண்ணிவிட்டு, வாயில் நுழையாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. பக்கத்தில் இருப்பவர் படிக்கும்போது நம் கண் நம் வசனத்தின் மேல் இருக்கும், காதும் அங்கேதான் இருக்கும். ஆகக்கூடி ஆளுக்குக் கொஞ்சம் என்று அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு எழுந்து போகிறோம். வம்ச வரலாறு வரும் நாட்களில் என் மகளுக்குத் தவறாமல் தொண்டை கட்டிக்கொள்ளும்.

நான் பிறவிக் கிறிஸ்தவள். என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. வாலிப வயதில் தானாக வந்து ஞானஸ்நானம் எடுத்தவர். அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போன சோம்பேறித்தனம் அவரிடம் கிடையாது. போன வருஷம் எங்கள் சபையில் பரிசுத்த வாழ்வைப் பற்றித் தொடர்ந்து பிரசங்கம் நடந்தது. மற்ற நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைப் பற்றிப் பேசினோம். இவர் மட்டும் உண்மையாகவே பரிசுத்தமாகிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

முதலில் கைப்பேசியில் இருந்த சினிமாப் பாட்டுகள் போயின. பிறகு தொலைக்காட்சி மூடப்பட்டு, அதன்மேல் ஒரு துணியும் போர்த்தப்பட்டது. காரின் பின்கண்ணாடியில் ஒரு வசனம் ஒட்டப்பட்டது. அந்த வசனத்தோடே நெடுஞ்சாலையில் அடுத்தவன் காருக்கு முன்னால் குறுக்கே நுழைவது மட்டும் நிற்கவில்லை. போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் கன்டெய்னர்களை ஏற்றி அனுப்புகிற பொறுப்பு அவருக்கு, டிரைவர்களுக்கு அவர்தான் போஸ். அந்த வேலையில் திட்டாமல் இருக்க முடியாது என்பார்கள். இவர் திட்டுவதை விட்டார். அதற்குப் பதிலாக, தாமதமாக வருகிற டிரைவரிடம் அதே குரலில், அதே கண் உருட்டலோடு, "கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்ல ஆரம்பித்தார். பழைய திட்டுக்குப் பயப்படாதவர்கள்கூட இதற்கு நடுங்கினார்கள். "போஸ் இன்னிக்குக் காலையிலேயே ரெண்டு பேர ஆசீர்வதிச்சிட்டாரு, பாத்து போ லா" என்று அவர்கள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வதாக எனக்குச் செய்தி வந்தது.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டேன். தீபாவளி நெருங்கியபோதுதான் சிரிப்பு போய்விட்டது.

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஓர் அக்கா. பக்கத்தில் பண்டமாரானில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தம்பிக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மா போய்விட்டார். துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் இறால் உரித்து, விரல்கள் எல்லாம் வெடித்து, தம்பியைப் படிக்க வைத்தவர் இந்த அண்ணி. தன் கல்யாணத்தையும் தம்பிக்காகவே தள்ளிப் போட்டவர். தம்பி சிலுவையைத் தேர்ந்தெடுத்தபோது, "நல்லா இரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் சாமியைத் தொடர்ந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். கணவர் இல்லை. மகன் ஜொகூரில், நினைத்தால்தான் வருவான். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது நாங்கள் மூன்று பேர்தான். நாங்கள் போகாவிட்டால் அந்த மேசையில் அண்ணி தனியாக உட்கார வேண்டும்.

பரிசுத்தம் என்றால் என்ன என்று விளக்கும் அந்த லேவியராகம அதிகாரம் தீபாவளிக்குச் சில நாட்கள் முன்னால் எங்கள் காலை வாசிப்பில் வந்தது. என் வீட்டுக்காரரின் முறைக்கு வந்த வசனங்களை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். விக்கிரகங்களை நாடாதே என்பது அவருக்கு வந்தது. பலியின் மாமிசத்தைக் காலம் கடந்து சாப்பிட்டால் அருவருப்பு என்பதும் அவருக்கே வந்தது. குறிசொல்கிறவர்களிடம் போகாதே, உடம்பில் பச்சை குத்தாதே என்று தேடிப் பிடித்த மாதிரி விலக்குகள் எல்லாம் அவர் வாயில் வந்து விழுந்தன. அன்பு செய், பொய் சொல்லாதே, தாய் தகப்பனுக்கு அஞ்சி நட என்பதெல்லாம் எனக்கும் மகளுக்கும் வந்தன. அவற்றை நாங்கள் படித்தபோது அவர் தன் அடுத்த வசனத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். இந்த வருஷம் அக்கா வீட்டுக்குப் போகவில்லை, படைத்ததைச் சாப்பிட முடியாது என்று. தீபாவளிக்கு முன்தினம் அண்ணி அம்மா அப்பா படத்துக்கு முன்னால் சமைத்ததை எல்லாம் வைத்துக் கும்பிடுவார், மறுநாள் அதைத்தான் நமக்குப் போடுவார் என்பது இவர் கணக்கு. இத்தனை வருஷம் ஆட்டுக்கறிப் பிரட்டலை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் இவர்தான். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் அக்கா உங்களுக்குச் சோறு போட்டாரா, உங்களை மதம் மாற்றப் பார்த்தாரா என்று கேட்டேன். இது கொள்கை என்றார். சரி, அந்தக் கொள்கையை உங்கள் வாயால் அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன்.

கொள்கை உள்ள மனிதர் தொலைபேசியை எடுத்து, அக்காவிடம், தீபாவளியன்று டியூட்டி போட்டுவிட்டார்கள் என்று சொன்னார்.

துறைமுகத்துக்குப் பெருநாள் விடுமுறை கிடையாது என்பதால் அண்ணி நம்பிவிட்டார். "சரி தம்பி" என்ற ஒரு வார்த்தைதான் எனக்குக் கேட்டது. பொய் சொல்லாதே என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது, அது என் முறையில் வந்தது, நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றேன். அவர் காரைக் கழுவப் போய்விட்டார்.

தீபாவளி அன்று விடுமுறை என்பதால் ஜெபத்துக்கு மெதுவாகத்தான் உட்கார்ந்தோம். மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கைப்பேசியில் வேதத்தைத் திறக்கும்போது, வாசலில் வாடகைக் கார் நின்றது. புதுச் சேலையும் கையில் பெரிய டிபன் கேரியருமாக அண்ணி இறங்கினார். தம்பி டியூட்டி முடிந்து வந்தால் சாப்பிடட்டும் என்று கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறார். உள்ளே பார்த்தால் தம்பி கைலியோடு நாற்காலியில்.

"டியூட்டி இல்லையா?" என்றார்.

"மாத்திட்டாங்கக்கா" என்றார் என் வீட்டுக்காரர். அவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை.

அண்ணிக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. விளங்காத மாதிரி கேரியரைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து, நீங்கள் ஜெபத்தை முடியுங்கள், நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றார். எங்கள் வீட்டில் சும்மா உட்காரும் வழக்கம் இல்லை. மகள் தன் அத்தைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒரு வேதாகமத்தையும் கொடுத்தாள். அண்ணி ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், தமிழ்ப் பத்திரிகையை இன்றைக்கும் ஒரு வரி விடாமல் படிப்பவர். தயங்காமல் வாங்கிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் அன்றைக்குரிய அதிகாரத்தை விட்டுவிட்டுப் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். அந்தப் பரிசுத்த அதிகாரத்தையே இன்றைக்கும் வாசிப்போம் என்றார். அவர் திட்டம் எனக்கு உடனே தெரிந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைத் தன் முறையில் வேதமே சொல்லிவிடட்டும் என்று பார்க்கிறார். எண்ணிப் பார்த்துத்தான் வைத்திருந்தார். ஆனால் வழக்கம்போல மூன்று பேருக்கு எண்ணியிருந்தார்.

அவர் படித்தார், நான் படித்தேன், மகள் படித்தாள். நான்காவது வசனம் அண்ணிக்குப் போய்விட்டது. விக்கிரகங்களை நாடாதே, வார்த்த தெய்வங்களை உண்டாக்காதே என்பதை நெற்றி நிறைய விபூதியோடு அண்ணி ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்தார். அண்ணி நிமிர்ந்து, "அடுத்தது நீதான் தம்பி" என்றார்.

இப்போது எல்லாருடைய வசனமும் இடம் மாறிவிட்டது. எண்ணிப் பார்க்க அவருக்கு நேரமில்லை, வருவதைத்தான் படிக்க வேண்டும். பொய் சொல்லாதே என்பது மகளுக்கு வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்த பார்வை, நான் பெற்ற பிள்ளை என்பதற்கு அத்தாட்சி. சுற்றிக்கொண்டே போய், உன் சகோதரனை உன் இருதயத்தில் பகைக்காதே என்று வருகிற இடம் என் வீட்டுக்காரருக்கு வந்தது. முதல் பாதியை வேகமாகப் படித்தார். பிறகு நிறுத்தினார். தன் வாயில் வந்த வசனம் என்றால் அவர் கேட்டுவிடுவார், அதுதான் அவருடைய நல்ல குணம். மீதியை மெதுவாக முடித்தார்.

அதிகாரம் முடியப் போகிற இடத்தில் அண்ணியின் முறை வந்தது. நரைத்தவர்களுக்கு முன்பாக எழுந்து நில், முதிர்வயதானவரின் முகத்தைக் கனம்பண்ணு என்கிற வசனம். அண்ணி அதையும் பத்திரிகைச் செய்தி மாதிரிதான் படித்தார், தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவருடைய நரைத்த தலையில் வைத்திருந்த மல்லிகை மட்டும் கொஞ்சம் ஆடியது.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

அண்ணி அவரைப் பார்த்தார். இந்த இடத்தில் நிற்பதுதான் வேதக்காரர் வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி தானும் எழுந்து நின்றார். அத்தை நின்றதும் மகள் நின்றாள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்று நானும் நின்றேன். உங்கள் நடுவில் இருக்கிற அந்நியனையும் உன்னைப்போல நேசி என்று மீதியை நான்கு பேரும் நின்றுகொண்டே படித்து முடித்தோம். வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் சிரித்திருப்பேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆமென் சொன்னதும் என் வீட்டுக்காரர் நேராகச் சமையலறைக்குப் போனார். கேரியரைத் தானே திறந்தார். தட்டு எடுத்துத் தோசை வைத்து, ஆட்டுக்கறிப் பிரட்டலை ஊற்றி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். படைத்ததா என்று கேட்கவில்லை. கொள்கை என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை.

அண்ணி பக்கத்தில் வந்து நின்று, அவர் இரண்டு வாய் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"பயப்படாம சாப்புடு தம்பி. அது படைச்சது இல்ல. அம்மா படத்துக்கு வைக்கிறதுக்கு முந்தியே உன் வீட்டுப் பங்க எடுத்து வச்சிடுவேன். நீ சர்ச்சுத் தண்ணியில முங்கி எழுந்து வந்த வருஷத்துல இருந்து அப்படித்தான். உங்க சர்ச்சு ஆன்டி ஒருத்தவங்க அன்னிக்கே சொன்னாங்க, படைச்சத நீங்க சாப்புட மாட்டீங்கன்னு. அம்மாவுக்கு முன்னாடி உனக்கான்னு மொத வருஷம் மனசுக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. அப்பறம் நெனச்சேன், அம்மா இருந்திருந்தா உனக்குத்தானே மொதல்ல போட்டிருப்பாங்க."

என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. ஏன் இத்தனை வருஷமாகச் சொல்லவே இல்லை என்று அவர் ஒருவழியாகக் கேட்டார்.

அண்ணி கரண்டியை எடுத்து அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் கறியைப் போட்டார். "நிம்மதியா சாப்புட்டுக்கிட்டு இருக்கிற புள்ளகிட்ட போயி இதையெல்லாம் எதுக்குச் சொல்லணும்?" என்றார்.