கலியமூர்த்தியின் பாம்பம்மா

சென்ற மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை, கள்ளக்குறிச்சியில் உரக்கடை மாடியில் கூடும் எங்கள் வாசகர் வட்டம் தன் வரலாற்றிலேயே மிக முக்கியமான முடிவை எடுத்தது. கூட்டங்களில் தேநீருடன் இனிப் பஜ்ஜி தருவதில்லை, சுண்டல் தருவது என்பதே அது. ஆதரித்தும் எதிர்த்தும் ஒன்பது பேர் பேசினார்கள். எண்ணெய்க் கறை படிந்த இரண்டு நூல்கள் சான்றாக முன்வைக்கப்பட்டன. உறுப்பினர் ஒருவர் தம் ரத்தப் பரிசோதனை அறிக்கையை வாசித்துக் காட்டினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செயலாளர் என்ற முறையில் நான் அதைக் குறிப்பேட்டில் பதிந்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, அந்தப் பதிவின் வாசகங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. பேசியவர் பேருந்து ஓட்டுநர் ஏழுமலை.

"சார், நம்ம கலியமூர்த்தி போய்ட்டாருங்க. டூட்டிக்குக் கெளம்பிக்கினு இருந்தாராம். நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு எழுந்துக்கவே இல்ல."

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில் ஏறியவர்களுக்குக் கலியமூர்த்தியைத் தெரியும். நைனார்பாளையத்துக்காரர். கண்டக்டர். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பதற்காக ஏழு ஆண்டுகள் நான் அந்தப் பேருந்தில் மலையேறினேன். வகுப்பில் நான் சொன்ன வரலாறு எவருக்கும் நினைவிருப்பதாகத் தெரியவில்லை. பேருந்தில் அவர் சொன்ன கதை பலருக்கு நினைவிருக்கிறது.

அது ஒரு சினிமாக் கதை. அவர் இளைஞராக இருந்தபோது, கிரேக்கப் புராணத்தை வைத்து எடுத்த பழைய ஆங்கிலப் படம் ஒன்று இங்கே ஒரு கொட்டகைக்கு வந்திருக்கிறது. தமிழில் ஒரு சொல் கிடையாது. நான்கு முறை பார்த்திருக்கிறார். வசனம் எதுவும் புரியாததால் கதை அவருக்கு முழுமையாகப் புரிந்துவிட்டது. டிக்கெட் கொடுத்து முடித்து, பேருந்து மலையடிவாரத்தைத் தாண்டியதும், முன் கம்பியில் சாய்ந்துகொண்டு தொடங்குவார்.

"கடலோரத்துல ஒரு ஊரு. கடல்ல ஒரு பூதம். ராஜா பொண்ணக் குடுத்தாதான் ஆச்சுன்னு நிக்குது. ஊர்ல ஒருத்தனுக்கும் தெம்பு இல்ல. ஒரே ஒரு பையன் கெளம்பிப் போறான், மலை மேல இருக்கிற பாம்பம்மாகிட்ட. அந்தம்மாவுக்குத் தலையில முடி இல்ல, பூராப் பாம்பு. நேருக்கு நேரா பாத்தா நீ கல்லு."

"பையன் போறப்ப பாம்பம்மா முழிச்சிக்கினு இருந்துச்சா?" என்று யாராவது கேட்பார்கள்.

"தூங்கிக்கினு இருந்துச்சு. பையன் விஷயத்த சொன்னான். அந்தம்மா இன்னா பண்ணுச்சு தெரியுமா? 'என் தலைய எடுத்துக்கினு போடா, ஊராவது பொழைக்கட்டும்'னு கண்ண மூடிக்கினு குனிஞ்சு குடுத்துச்சு."

இந்த இடம் சரியாகக் கடைசிக்கு முந்தைய கொண்டை ஊசி வளைவில் வரும். கடைசி வளைவில் பூதம் கல்லாகும். வெள்ளிமலையில் எல்லாரும் இறங்கும்போது, கடற்கரையில் அந்தத் தலைக்குக் கோயில் கட்டிக் கற்பூரம் ஏற்றியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் தலை மட்டும் சாமியாக இருக்கும் கோயில்கள் உண்டு. களபலியாகத் தலையைக் கொடுத்தவருக்குத் திருவிழா எடுக்கிற ஊரும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே அந்தக் கதையில் எவரும் விந்தை எதையும் காணவில்லை. நான் மட்டும் கண்டேன். மூலக்கதை எனக்குத் தெரியும். ஆனாலும் ஏழு ஆண்டுகளில் ஆறு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் காட்டிய நிதானங்களில் அதுவே சிறந்தது.

ஏழாம் ஆண்டில் அந்தப் படத்தைக் கோடிகளைக் கொட்டி மறுபடி எடுத்து, தமிழ்க் குரல் சேர்த்து, கள்ளக்குறிச்சிக்கே அனுப்பிவைத்தார்கள். கலியமூர்த்தி விடுப்பு எடுத்து என்னையும் அழைத்துப் போனார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் போல வந்திருந்தார். முப்பரிமாணப் படம் என்பதால் கொட்டகையில் தந்த கறுப்புக் கண்ணாடியைத் தம் மூக்குக் கண்ணாடிக்கு மேல் மாட்டிக்கொண்டார். சிறகு முளைத்த குதிரை முகத்துக்கு நேராகப் பறந்து வந்தபோது குனிந்தார். தேவர்களின் தலைவர் எங்கள் பஞ்சாயத்துத் தலைவரைப் போலவே பேசினார். "சார், இவுரு நம்மாளு மாதிரியே கீறாரு" என்று கலியமூர்த்தி என் தொடையில் தட்டினார். படத்தை நான் கோளாறு தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மகிழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் வேண்டியது நிறையக் கிடைத்தது.

கடைசியில் பூதம் கடலைக் கிழித்துக்கொண்டு எழுந்தது. நாயகன் பையிலிருந்து அந்தத் தலையை எடுத்து உயர்த்தினான். கலியமூர்த்தி எழுந்து நின்று கைகூப்பினார்.

"யோவ், உக்காருய்யா, மறைக்குது" என்றது பின் வரிசை.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "கலியமூர்த்தி, அது சாமி இல்ல. அரக்கி. மூலக்கதையில தூங்கும்போது அவன் வெட்டிட்டு வந்த தலை அது."

அவர் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "ஊரக் காப்பாத்துனது யாரு சார் அப்போ?"

"கதாநாயகன்."

திரையில் நாயகன் தலையைக் கடலில் வீசி எறிந்தான். "தூக்கிப் போட்டுட்டானே சார்" என்றார்.

அத்துடன் விட்டிருக்கலாம். மறுநாள் நான் கிரேக்கப் புராணக் கதைகள் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். அதை ஒரு நற்செயல் என்று நம்பினேன். வெள்ளிமலையில் வண்டி நிற்கும் அரைமணி நேரங்களில் உட்கார்ந்து, இரண்டு மாதத்தில் படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தார். அட்டை போட்டிருந்தார்.

"இத்தினி வருஷமா தப்பாவே சொல்லிக்கினு இருந்துட்டேன் சார்."

அதன் பிறகு பேருந்தில் கதை நின்றுபோனது. ஒருநாள் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு ஏறிய ஓர் அம்மாள் கேட்டார்: "இன்னா கண்டக்டரே, பாம்பம்மாவ ரொம்ப நாளாக் காணோம்?"

"அது தப்புக் கதைம்மா. சார் சொல்லிட்டாரு."

அந்த அம்மாள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவுரு அந்தூர்க்காரரா?" என்றார்.

நான் அந்தூர்க்காரன் இல்லை. அந்தக் கல்வியாண்டின் முடிவில் ஓய்வு பெற்றேன். நேரம் ஜாஸ்தியானதால் மேலும் படித்தேன். அந்தூர்க்காரர்களான கிரேக்கர்களே பழங்காலத்தில் பாம்பம்மாவின் முகத்தைக் கோயில் கூரையிலும் வீட்டு வாசலிலும் கேடயத்திலும் காவலுக்காக வைத்திருந்தார்கள் என்று இந்த ஆண்டுதான் ஒரு நூலில் கண்டேன். எங்கள் வீடுகளில் திருஷ்டி முகம் மாட்டுவதைப் போல. உடனே கலியமூர்த்தியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

பேருந்து நிலையத்தின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார்: "அப்போ நம்ம கதை தப்பு இல்லீங்களா சார்?"

"முழுக்கத் தப்புன்னு சொல்ல முடியாது" என்றேன். தப்புச் செய்தவன் நான் என்று சொல்ல இன்னும் நான்கு சொற்கள் போதும். அவற்றைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். வாசகர் வட்டத்துக்கு வந்து அந்தக் கதையைச் சொல்லும்படி கேட்டேன். "படிச்சவங்க முன்னாடியா?" என்று தயங்கி, பிறகு ஒப்புக்கொண்டார்.

அவர் வந்த கூட்டம்தான் நான் முதலில் குறிப்பிட்ட கூட்டம். நிகழ்ச்சி நிரலில் சிற்றுண்டி முதலாவது, கலியமூர்த்தி இரண்டாவது. அந்த வரிசையைப் போட்டவன் நான். சிற்றுண்டிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். அதே வெள்ளைச் சட்டையில், கதவோரம், கையில் ஒரு காகிதச் சுருளோடு உட்கார்ந்திருந்தார். ரத்தப் பரிசோதனை அறிக்கையை அக்கறையோடு கேட்டார். வாக்கெடுப்பில் சுண்டலுக்குக் கை தூக்கினார். அப்போது மணி ஆறே முக்கால். ஏழு மணிக்கு அவருக்கு ஊருக்குப் பேருந்து.

"உங்கள் உரையை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாமா?" என்று கூட்டத்தின் நடுவே கேட்டேன்.

"அதுக்கு இன்னா சார். கதை எங்க ஓடிப் போவுது" என்றார். படியிறங்கும்போது அந்தச் சுருளை என்னிடம் கொடுத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் எங்கனா தொலைச்சிடுவேன்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். டிக்கெட் இயந்திரத்தில் போடும் காகிதத்தில் ஒரு முழம். நீல மையில் ஐந்து வரிகள்: கடல். ராஜா பொண்ணு. மலை. அம்மா கண்ண மூடுது. கோயில். நடுவில் இருந்ததெல்லாம் அவருக்கு மனப்பாடம் என்பதால் எழுதவில்லை. நானும் ஆறு ஆண்டுகள் கேட்டேன். தப்பான கதை என்பதால் குறித்து வைத்துக்கொள்ளவில்லை. அவர் பேருந்தில் போனவர்கள் யாருக்காவது முழுவதும் நினைவிருந்தால், உரக்கடை மாடிக்கு வந்து சொல்லுங்கள். திருத்தமாட்டேன்.

இந்த மாதக் கூட்டம் சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். பிறகு சுண்டல் வழங்கப்பட்டது.