போன் கடையில இருந்த ரெண்டு மணி நேரம்

மெமரி நிறைஞ்சு போன் அப்பப்ப நின்னுபோகுதுன்னு இன்னிக்கு விளாங்குடியில ஒரு செல் கடைக்குப் போனேன்.

"பைலையெல்லாம் மெமரி கார்டுக்கு மாத்திட்டு, போனை ரூட் பண்ணி, அதாவது கம்பெனி போட்ட பூட்டை எடுத்துவிட்டு, வேண்டாத ஆப் அம்புட்டையும் தூக்கிருவோம்ணே. ரெண்டு மணி நேரம் ஆகும்"னு சொன்ன கடைக்காரத் தம்பி, சிம்மைக் கழட்டி என் கையில குடுத்தாரு. சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

டீ குடிச்சேன். சும்மா நடந்தேன். மேலூர்ல இருக்குற தங்கச்சி கூப்பிட்டு, நான் எடுக்கலைன்னு பதறிருவாளோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு.

திரும்பிப் போனதும் முதல்ல அதைத்தான் கேட்டேன். "கால் ஏதும் வந்துச்சா தம்பி?"

அவரு என்னையே பார்த்தாரு. "சிம்மு உங்க சட்டைப் பையிலதானண்ணே இருக்கு?"

எடுத்துப் போட்டோம். மிஸ்டு கால் மெசேஜ் ஒண்ணுகூட வரல. ரெண்டு பேருமே கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கிட்டு நின்னோம்.

அப்புறம் அவரா என் நம்பரைக் கேட்டு ஒரு கால் குடுத்தாரு. "ரிங் வருதான்னு பார்க்கத்தாண்ணே."

இன்னிக்கு எனக்கு வந்த ஒரே கால் அதுதான்.

ரூட் பண்ணியும் போன் திணறிக்கிட்டுத்தான் ஓடுது. என்ன செய்யலாம்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா. கமெண்ட்ல எழுத வேணாம், கூப்பிட்டே சொல்லுங்க.