இருபத்து நான்காம் நம்பர் ஊசி

என் சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஓர் ஊசியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எந்த ஊசியை எடுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குப் பின்னால் எங்கள் வீடு. சித்தி அம்மாவின் தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டதால் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சித்தி எங்களோடு வந்துவிட்டாள். தருமபுரியில் லேப் டெக்னீஷியன் படிப்பு. தினமும் காலையில் வெள்ளைக் கோட்டைச் சுருக்கம் விழாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதற்குள் அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. தாய் தகப்பன் இல்லாத பெண்ணை அக்கா புருஷன் கரையேற்றாமல் வைத்திருக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம்.

கடத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அவருடைய அம்மா தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இதைத் தரகர் போனில் சொன்னபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணியில் நான் குறுக்குத் தையலாகப் போட்ட கிராஸ் ஸ்டிச் மயில் கிடந்தது, பள்ளியில் கிராஃப்ட் வகுப்புக்காகப் போட்டது.

"எங்க கொழுந்தியாளும் கிராஸ் ஸ்டிச்செல்லாம் பிரமாதமா போடுவாங்க. இப்பகூட ஒரு மயில் போட்டு முடிச்சிருக்காங்க" என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அதனாலோ என்னவோ, சொன்ன ஒரே பொய்யையும் தேவைக்கு மேல் பெரிதாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக அவர்கள் சொல்லியனுப்பினார்கள். அன்று புதன்கிழமை.

மறுநாள் என் மயில் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விட்டது. அதன் மூலையில் வகுப்பையும் வரிசை எண்ணையும் சிவப்பு நூலில் போட்டிருந்தேன். அது கிராஃப்ட் டீச்சரின் கட்டளை. சட்டக்காரர் அந்த மூலையை மரத்துக்குள் மறைத்துத்தான் அடித்திருந்தார். ஆனாலும் ஒரே ஒரு சிவப்புக் கட்டம் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. ஹாலைத் தாண்டும்போதெல்லாம் என் கண் அதில்தான் போய் விழுந்தது. மயிலைத் திங்கட்கிழமை பள்ளியில் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னேன்.

"உஞ்சித்திக்காக ரெண்டு நாளு விட்டுக்குடு கண்ணு" என்றாள் அம்மா.

சித்தியிடம் அவர்கள் ஏதாவது கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டுமே. அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெரியவர்களுக்குப் பாடம் எடுப்பதில் எனக்கிருந்த பெருமை முதல் பத்து நிமிடத்தோடு சரி. பிறகு, இவள் தப்பாகச் சொல்லிவிட்டால் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

நான் இதை அடிபட்டுக் கற்றிருந்தேன். முதலில் அம்மா ரவிக்கைக்குக் கொக்கி தைக்கும் ஊசியால் போட்டு, துணியெல்லாம் பிசிறடித்து, வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் திட்டு வாங்கியிருந்தேன். அதனால் ஊசியிலிருந்தே தொடங்கினேன்.

"மேட்டித் துணியில ஓட்டை முன்னாடியே இருக்குது சித்தி. நாம குத்தக் கூடாது, நுழைக்கணும். அதான் முனை மொக்கையா இருக்குது."

"எங்க கிளாஸ்ல குத்துறதுதான்டி வேலையே" என்று சித்தி சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும். இந்தத் துணிக்கு இருபத்திநாலு. அதவிடப் பெருசா இருந்தா ஓட்டை விரிஞ்சிரும். சின்னதா இருந்தா ரெண்டு இழை நூல் காதுல உரசி நைஞ்சிரும்."

"ரத்தம் எடுக்கிற ஊசியும் இப்படித்தான். நம்பர் ஏறுனா மெலிசு" என்றாள் சித்தி. ஊசியை வாங்கி முனையை விரல் நுனியில் ஒற்றிப் பார்த்தாள். என் ஊசிப் பாக்கெட்டிலிருந்த ஊசிகளைக் கலைத்துப்போட்டு எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னேன். அப்போதும் சரியானதையே எடுத்தாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் விடவில்லை. பல் துலக்கும்போது கேட்டேன், சாப்பிடும்போது கேட்டேன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவள், "இருபத்திநாலு, மொக்கை முனை, நீளக் காது, போதுமா தாயே?" என்று கும்பிட்டாள்.

ஞாயிறு காலையில் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மட்டும் நேராக மயிலிடம் போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சட்டத்துக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். நான் சமையலறைக் கதவின் பின்னால் நின்று, பாவாடையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சிவப்புக் கட்டம் அவர் மூக்குக்கு நேராக இருந்தது.

"எல்லாக் கட்டமும் ஒரே சாய்வுல இருக்குது. பொறுமையான கை" என்றார்.

என் கைவேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு சித்தியின் பெயரில் போய்ச் சேர்ந்தது. அதற்காக வருத்தப்படக்கூட அப்போது எனக்கு நேரமில்லை. அந்த அம்மாள் பையைத் திறந்து துணியை இழுத்துப் பிடிக்கும் ஒரு வட்டச் சட்டம், மேட்டித் துணி, நூல்கள், ஓர் ஊசிப் பாக்கெட் எல்லாவற்றையும் எடுத்துப் பாயில் பரப்பினார். சோதிக்க வந்தவர் போல் அவர் இல்லை. முகத்தில் நிஜமான ஆசை இருந்தது.

"நம்ம வூட்டுக்கு வர்ற பொண்ணுக்குன்னு எடுத்தாந்தேன். எனக்குத்தான் பொண்ணு இல்லியே. சும்மா நாலு தையல் போடு கண்ணு, பாக்கலாம். ஊசி உனக்குத் தோதா எடுத்துக்க."

சித்தி பாயில் உட்கார்ந்தாள். பாக்கெட்டில் கூர் ஊசி, மொக்கை ஊசி, சிறிது பெரிது எல்லாம் கலந்திருந்தன. அவளுடைய விரல் சுற்றாமல் நேராகச் சரியான ஊசியின் மேல் போய் நின்றது. அவ்வளவு தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. அப்பாடா, தேறிவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் சித்தி நிமிர்ந்து, "எனக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்குதுங்க" என்றாள்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

அந்த அம்மாள் சித்தியின் முதுகைத் தடவிக்கொடுத்தார். "அதெல்லாம் எதுக்குக் கண்ணு? தை மாசமே கல்யாணத்த வெச்சிரலாம். பஸ்ஸுல அலையாம வூட்டோட இரு. நாம ரெண்டு பேரும் உக்காந்து தலகாணி உறை, சோபாத் துணின்னு போட்டுக்கிட்டே இருக்கலாம்."

சித்தி ஒரு நிமிடம் அந்தத் துணியையே பார்த்தாள். பிறகு என் பக்கம் பார்த்தாள். நான் கதவின் பின்னாலிருந்து இரண்டு விரலையும் நான்கு விரலையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். அவள் பார்த்தாள், நிச்சயம் பார்த்தாள். ஆனால் அவளுடைய விரல் நகர்ந்தது. பாக்கெட்டிலேயே மெலிதான, முனை மின்னுகிற கூர் ஊசியை உருவினாள்.

'அது இல்ல சித்தி' என்று கத்த வாய் வந்தது. கையால் பொத்திக்கொண்டேன்.

இரண்டிரண்டு இழையாகப் பிரிக்காமல் ஆறிழை நூலையும் மொத்தமாக அந்தச் சின்னக் காதில் திணித்தாள். நூல் நைந்து நுனியில் பூப்போல விரிந்தது. ஓட்டையை விட்டுவிட்டுத் துணியின் இழையிலேயே குத்தினாள். இழுத்தபோது துணி சுருங்கியது. ஒரு தையல் இடது பக்கம் சாய்ந்தது, அடுத்தது வலது பக்கம். நிதானமாக நான்கு தையலையும் போட்டு முடித்து வட்டச் சட்டத்தை அந்த அம்மாளிடம் நீட்டினாள்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த மயிலைப் பார்த்தார். கடைசியாக அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னல் வழியாக நெடுஞ்சாலையில் போகும் லாரியைப் பார்த்தார்.

"காபி நல்லா இருக்குதுங்க. போன் பண்றோம்" என்று எழுந்தார் அந்த அம்மாள். கொண்டுவந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் எடுத்து வைத்தார். அவர் கோபித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பா பட்டறைக்குப் போனார். விடுமுறை நாளில், செய்ய வேலை எதுவும் இல்லாமல், லேத்தைப் போட்டுவிட்டு அதன் முன்னால் நின்றார். சும்மா சுற்றுகிற மெஷினின் சத்தம் வீடு வரை கேட்டது. சாயங்காலம் தரகர் போன் செய்தார். சரிப்படாதாம். அப்பா உள்ளே வந்து சித்தியின் எதிரில் உட்கார்ந்தார்.

"பொய் சொன்னது நானும்மா. நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

"வுடுங்க மாமா" என்று சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நாந்தாம்ப்பா சித்திக்குச் சரியாச் சொல்லிக் குடுக்கல" என்று அழுதுவிட்டேன். கடைசி நாள் இன்னும் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் நின்றிருக்க வேண்டும். விரலைக் காட்டியதில்தான் அவள் குழம்பிவிட்டாள் என்று அன்று முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகும் பல வருடங்கள், நன்றாகத் தெரிந்த பாடத்தில்கூடப் பரீட்சைக்கு முன்னால் என் கை வியர்த்திருக்கிறது. சித்தி படிப்பை முடித்தாள், அரசு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள், தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இவை எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான், அன்று தெரியாமல் எடுக்கப்பட்ட ஊசி அல்ல அது என்று எனக்கு உறைத்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அது தெரியாது. அன்று சாயங்காலம் சித்தி மிச்சமிருந்த கேசரியைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு பின்கட்டுப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அம்மா வந்து தங்கையின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பாத்திரத்திலிருந்த கடைசிக் கரண்டிக் கேசரியையும் அவள் கிண்ணத்தில் வழித்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் போய்ச் சித்தியை ஒட்டி உட்கார்ந்தேன்.

"நீ நல்லாத்தான்டி சொல்லிக் குடுத்த" என்று ஒரு வாய் எனக்கு ஊட்டினாள். பிறகு, என்ன நினைத்தாளோ, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

பாவம், அழுகையை மறைக்கத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவளுக்கும் சேர்த்து நானே அழுதேன்.